முன்னதாகக் கட்டியவளுக்கு மார்க் குறைவு

ஆறேழு வாரம் இருக்கும். செல்வி எங்கள் வீட்டுக்கு மீன் இல்லாமல் வந்தாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கே செல்வியைத் தெரியும். கனகசெட்டிக்குளத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவந்து விற்பவள். நமக்குக் கடனுக்குக் கொடுப்பாள். தான் யாருக்கும் பாக்கி வைக்க மாட்டாள். அன்று முகம் வாடியிருந்தது. என்ன விஷயம்?

மீன் ஏற்ற ஒரு செகண்ட் ஹேண்ட் லோடு ஆட்டோ பேசி, கம்மலை விற்று அட்வான்ஸும் கொடுத்திருக்கிறாள். மீதிக்கு வங்கியில் லோன் கேட்டால்... கிடையாது என்றுவிட்டார்கள். கிரெடிட் ஸ்கோர் குறைவாம். சொன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால் ஆட்டோ வேறு ஆளுக்கு. அட்வான்ஸும் போச்சு.

"நான் யாரையும் ஏமாத்தலியேக்கா. எதுக்கு எனக்கு மார்க்கு கொறச்சாங்க?"

வங்கியிலும் இதைத்தான் கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது என்று பதில். பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆக்கினால்கூட விடைத்தாளைக் காட்டுவார்கள். இங்கே பரீட்சை எழுதியதே நமக்குத் தெரியாது! எனக்குக் கோபமான கோபம்.

விடைத்தாளும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்கோர் போடும் நிறுவனம் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். அவள் செல்போனிலேயே எடுத்தோம். பார்த்தால் — மொபெட் லோனுக்கு, போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் தவணையே கட்டவில்லை என்று இருந்தது.

செல்வி சிரித்துவிட்டாள். கடுப்பில் வருகிற சிரிப்பு.

அவர்கள் பக்கம் ஒரு வழக்கம். சித்திரை பிறந்ததும் படகுகள் கரையேறிவிடும். அதற்கு முன்பே, கையில் காசு இருக்கும்போதே, சீட்டு, வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் என்று தடைக்காலம் முடியும் வரைக்குமாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மீன் வராத மாதத்தில் யாரும் வாசலில் வந்து நிற்கக் கூடாது — அது கௌரவப் பிரச்னை. செல்வியும் அப்படியே ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய் மொத்தமாகக் கட்டி, ரசீதும் வாங்கியிருக்கிறாள். கம்பெனியோ அத்தனையையும் ஒரே மாதக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த மாதங்களுக்குக் கட்டவில்லை என்று எழுதிவிட்டது. முன்னதாகக் கட்டியவளுக்குப் பாக்கிக்காரி என்று பட்டம்!

ரசீதைப் படம் எடுத்து ஸ்கோர் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேரிலேயே போனோம். கவுன்ட்டரில் இருந்தவர், சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும் என்றார். அந்தச் சிஸ்டத்தைக் கொஞ்சம் வரச்சொல்லுங்கள், பேசிக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் வந்தார். ரசீதைப் பார்த்தவர், திருத்தி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். ஆட்டோக்காரரும், செல்வி காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன். வேறு யாராவது ரொக்கத்தை நீட்டிவிட்டால்? தினமும் அவளிடம் மீன் விலையைக் கேட்பதற்கு முன்னால், ரிப்போர்ட் வந்ததா என்று கேட்பேன்.

ஒருவழியாக வந்தது. ஸ்கோர் ஏறியிருந்தது. லோனும் கிடைத்தது. அப்பாடா... அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கடன் கொடுப்பவர்கள் ஆளைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும். என்ன பார்த்தோம், ஏன் குறைத்தோம் என்று வாயைத் திறந்து சொல்லலாம் இல்லையா? வாழ்நாளில் கடனே வாங்காத என் கணவருக்கு ஸ்கோரே கிடையாதாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கடற்கரைப் பக்கம் ஒருநாளாவது வந்திருக்க மாட்டார்.

நேற்றுக் காலை செல்வி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. காசு வேண்டாம் என்று ஒரு வஞ்சிரத்தைக் கையில் திணித்தாள். ஆட்டோவில் ஏறப் போனவள் திரும்பி நின்றாள்.

"ஏங்க்கா... தப்பா எழுதினதுக்கு அந்தக் கம்பெனிக்கு யாரு மார்க்கு கொறைப்பாங்க?"

வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு நைசாக உள்ளே வந்துவிட்டேன்.