டிகிரியும் அந்த ஐந்தும்

கைக்கடிகாரத்தைச் சன்னல் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் டிகிரி மணி பார்ப்பார். கடிகாரத்தில் பழுது ஒன்றுமில்லை. வாங்கியபோது கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஆறு வருடமாக அவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். தாள் மஞ்சளாகி, கீறல் விழுந்து, முட்கள் இப்போது புகைக்குள் சுற்றுகின்றன. “எடுத்துட்டா கண்ணாடியில கோடு விழுந்துடும்” என்பார்.

வீட்டு ஃபிரிட்ஜின் கதவிலும் தாள் உண்டு. ரிமோட் வந்த நாளிலிருந்து உறைக்குள் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் அடியில் ஏதோ நொறுங்குவதுபோலச் சத்தம் வரும். அதனாலேயே உறவினர்கள் காபியை நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

தொழிலில் ஏசி மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை நோக்கி வெப்பமானியை நீட்டி, “முப்பத்தொரு டிகிரி” என்று அறிவித்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். பெயர் வந்த கதை அதுதான். வெளியே மாட்டிய மெஷினை யாராவது துணி போட்டு மூடி வைத்திருந்தால் போச்சு. “மூச்சு முட்டுதுங்க அதுக்கு! சூடு வெளிய போக வழி விடணும். இது கூடவா சொல்லித் தரணும்?” என்று, படித்தவர், பெரியவர் எனப் பார்க்காமல் பிடித்து வாங்குவார்.

இப்பேர்ப்பட்டவர் மகளுக்காகக் கம்ப்யூட்டர் கோத்தார். மகள் கட்டட வடிவமைப்பு கடைசி வருடம். தான் வரைந்த கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பதுபோல ஒரு படம் செய்து அடுத்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் அந்த வருடமே போய்விடும். பழைய மடிக்கணினி அந்த வேலைக்கு மூச்சுத் திணறியது. பாகங்களை வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டிகிரி பூட்டி முடித்தார். விசிறிகள் சுழன்றன, விளக்கு எரிந்தது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இரும்மா. இது நாலு புள்ளி ரெண்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓடுது. அஞ்சாக்கிக் குடுத்துடுறேன்.”

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேலே விரட்டலாம் என்று எங்கோ படித்திருந்தார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நாலு புள்ளி நாலைத் தொட்டதுமே சூடு நூறு டிகிரிக்கு ஏறியது; மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

அடுத்த நாளும் அதே கதை. விசிறி போதவில்லை என்று இன்னும் இரண்டு மாட்டினார். அறை சூடு என்று ஏசியைப் பதினெட்டில் வைத்தார். மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டு துணி மடித்தாள். பிராசசர்மேல் உட்காரும் கூலரைக் கழற்றி, இடையில் தடவும் பசையைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாகத் தடவி மாட்டினார். அந்தத் துடைப்பில் குறை சொல்லவே முடியாது. கூலரின் அடிப்பாகத்தில் முகம் பார்க்கலாம். சூடு ஒரு டிகிரி இறங்கவில்லை.

“நமக்கு வாய்ச்ச சிப்பு சோம்பேறிச் சிப்பு” என்று முடிவு கட்டினார்.

“எனக்கு அஞ்சு வேண்டாம்ப்பா. அப்படியே குடுங்க.”

“அரைகுறையா என் கையால குடுக்க மாட்டேன்.”

பத்து நாள் போனது. மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, பிராசசரை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி டிகிரி எல்லாவற்றையும் பிரித்தார். பெட்டியில் வைப்பதற்காகக் கூலரைத் துடைத்த மகளின் நகம் எதிலோ மாட்டியது.

“அப்பா, இது என்ன?”

கண்ணாடிபோல ஒரு மெல்லிய தாள் அவள் விரலோடு உரிந்து வந்தது. மாட்டுவதற்கு முன் எடுக்கவும் என்று ஓரத்தில் பொடியாக அச்சிட்டிருந்தது. டிகிரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்து நாளாகப் பசையைத் தடவியதும் துடைத்ததும் அந்தத் தாளின்மேல்தான். கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தாள் என்பது அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதே இல்லை. அது பொருளின் தோல்.

போர்வைக்குள்ளிருந்து மனைவி கேட்டாள். “சூடு வெளிய போக வழி விடணும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே?”

டிகிரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஊர் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வார். மகள் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு வலித்தது.

பசை தடவி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். மெஷின் எழுந்தது. நாலு புள்ளி ரெண்டு, சூடு அறுபத்திரண்டு. அப்படியே நின்றது. இனி ஐந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். அவருடைய விரல் விசைப்பலகையின்மேல் போய் நின்றது.

மகள் அந்த விரலைப் பார்த்தாள்.

டிகிரி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “அஞ்சு கிடக்குது. நீ உன் வேலையப் பாரும்மா.”

அவள் உட்கார்ந்து, தயாராக வைத்திருந்த வரைபடத்தைப் படமாக்க ஓடவிட்டாள். முடிய இருபத்தாறு மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. “இதுல மணி தப்பாக் காட்டுது. இப்ப மணி என்னப்பா? கணக்குப் பாக்கணும்.”

டிகிரி கையைச் சன்னல் பக்கம் சாய்த்தார். “பத்தேகால்... இல்ல, பத்தரையோ...”

“சரியாச் சொல்லுங்கப்பா.”

அவர் கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து, ஆறு வருடத்துத் தாளைச் சர்ரென்று உரித்தார்.

“பத்து பதினேழு” என்றார். “நாளைக்கு மத்தியானம் முடிஞ்சுடும்.”

சொல்லிவிட்டு, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பிரித்து இறக்கி, கடிகாரத்தை மூடினார்.