ஏலத்துக்கு வந்த காவலாளி

மீன்வள அலுவலக வாசலில் காவலுக்கு நிற்கிறவருக்கு மீன் வாசனை என்றாலே குமட்டும். அவர் மனைவியோ துறைமுகச் சந்தையில் மீன் விற்கிறவள். அவள் வீடு திரும்பி, சோப்பு கரையக் கரையக் குளித்த பிறகுதான் அவர் முகம் கொடுத்துப் பேசுவார். அப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து மீனாக்கிவிட்டார்கள்.

உலகத்துத் துறைமுகங்களில் எல்லாம் ஒரே நாளில் விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்த வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. குஞ்சு மீனைப் பிடிக்காதே, சினை மீனை விட்டுவிடு, கடலில் நாளைக்கும் மீன் வேண்டும் என்று சொல்வதற்காக ஸ்பாஞ்சு வைத்து ஒரு மீன் உடை தைத்தார்கள். தையல்காரர் அளவில் கோட்டைவிட்டார். குள்ளமான காவலாளியைத் தவிர யாருக்கும் அது நுழையவில்லை. அவருக்கும் தொப்பை துருத்திக்கொண்டு நின்றது.

"சந்தையில என் சம்சாரம் இருக்கா மேடம்," என்று இழுத்தார்.

"மூஞ்சி எங்க தெரியப்போகுது? போங்க," என்றார் அதிகாரி அம்மா.

வால் குறுகல், அடியெடுத்து வைக்க இடமில்லை. சந்தைத் தரையில் ஐஸ் தண்ணீர் வேறு. காவலாளி வழுக்கிக்கொண்டே போய் ஏல மேடைமேல் மல்லாந்து விழுந்தார். மேடைக்கு வந்ததைக் கூவாமல் விட்டுப் பழக்கமில்லாத ஏலக்காரர், பார்த்த மாத்திரத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"ஒரே பீசு! யாரு கேக்குறது?"

ஓட்டல்காரர் விரலைத் தூக்கினார். போட்டிக்கு ஐஸ்கடைக்காரரும் தூக்கினார். மீனைச் சோதித்துப் பார்க்கக் காவலாளியின் மனைவி முன்னால் வந்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வெளுத்துப் போச்சு. பழைய சரக்கு."

உள்ளே அவருக்குச் சுருக்கென்றது. அடுத்து அவள் வயிற்றை அமுக்கினாள்.

"ஐயோ, கூச்சமா இருக்குடி!"

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க, நீங்களா? டூட்டிக்குப் போறேன்னு சொன்னீங்க?"

"இதான்டி டூட்டி."

அதற்குள் ஏலம் முடிந்து ஓட்டல்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைமேல் ஏறினாள்.

"இதைக் குடுக்க முடியாது. வயித்தப் பாருங்க, சினை மீன்!"

"நீளத்தப் பாரும்மா, இது குஞ்சு," என்றார் ஐஸ்கடைக்காரர்.

"குஞ்சுக்கு எப்படிய்யா சினை பிடிக்கும்?"

சந்தையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எந்த மீன் எவ்வளவு வளர்ந்தால் முட்டையிடும், எந்த மாதத்தில் வலை போடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அதிகாரி அம்மா மைக்கில் சொல்ல வந்ததும் இதைத்தான். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ஏலக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

"எப்படிப் பாத்தாலும் விக்கிறது தப்பு. கடல்லயே விட்டுருங்க."

நாலு பேர் தூக்கினார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா!" என்று அலறினார் காவலாளி.

"பயத்துல உளறுது பாவம்," என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

படித்துறையில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் ஸ்பாஞ்சு குடித்த தண்ணீரில் உடை கல்லாகக் கனத்து அவரைக் கீழே இழுத்தது. மனைவி குதித்து வாலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். சந்தை கைதட்டியது. அவர் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரச்சார வாசகத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். கடமை கடமைதானே.

மறுநாள் ஒரு படகுக்காரர் கூடை நிறையப் பொடி மீனைக் கொண்டுவந்து மேடையில் கொட்டினார். ஏலக்காரர் கூவ மறுத்துவிட்டார்.

"அந்த ஆளையே விட்டுட்டோம். இத நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கூவுறது?"

பொடி மீன் நழுவிப் போகிற மாதிரி பெரிய கண்ணுள்ள வலைக்கு மாறுவதாகச் சொல்லிப் படகுக்காரர் தலையைச் சொறிந்தார்.

இந்தச் சேதி மேலிடம் வரை போயிற்று. எல்லாத் துறைமுகங்களிலும் இதேபோல் செய்யச் சொல்லி உத்தரவு பறந்தது. பாஷை தெரியாத எத்தனையோ ஊர்களில் குள்ளமான காவலாளிகள் கடலில் விழப்போகிறார்கள் என்று நினைத்தபோது நம் காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. நேராக அதிகாரி அம்மாவிடம் போய் நின்றார்.

"நீச்சல் தெரிஞ்சவங்களாப் பாத்துப் போடச் சொல்லுங்க மேடம்."