அவள் கைக்கு ஒரு வால்யூம் நாப்

பக்கவாதம் வந்ததில் என் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போயின. பேச்சு போனது போனதுதான். கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னிடம், "வூட்ல அவங்களா ஆசப்பட்டுத் திருப்புற மாதிரி எதனா குடுங்க சார். பந்து குடுத்தா தூக்கிப் போட்டுடறாங்க" என்றாள்.

எனக்கு ஆம்ப்ளிஃபயர்தான் தோன்றியது. வேறென்ன தோன்றும்? நானே சர்க்யூட் போட்டு, நானே பெட்டி அடித்துச் செய்தது. பாட்டு கேட்டால் மூளை சீக்கிரம் தேறும் என்று யாரோ சொல்ல, அவள் படுத்த நாளிலிருந்து காலையில் போட்டால் விளக்கு வைக்கும்வரை பாடவிட்டிருந்தேன். ஆனால் அதன் வால்யூம் நாப் சுண்டைக்காய் அளவு, அது மாட்டியிருந்த ஷாஃப்டும் இறுக்கம். அவள் விரல் அதைப் பிடிக்கப் போய் வழுக்கி விழும், கண் கலங்கும். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்து சூளை வைத்திருக்கும் பாயிடம் பச்சை மண் உருண்டை வாங்கிவந்து, அவள் கையில் கொடுத்து அழுத்திப் பிடிக்க வைத்தேன். ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்தன. நடுவில் ஷாஃப்டுக்குத் துளை போட்டு, சூளையில் வைக்கக் கொடுத்தேன். வெந்து வந்ததோ கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. துளை கச்சிதம், பள்ளத்தில்தான் விரல் உட்காரவில்லை. துளைக்கு மட்டும் சுருக்கம் கணக்குப் பார்த்த புத்திசாலி நான்.

பாய் சிரித்தார். "விருத்தாசலத்துல பொறந்துட்டு மண்ணு சுருங்கும்னு தெரியாதாண்ணே? அண்ணி வெரல்ல துணிய சுத்திட்டுப் புடிக்கச் சொல்லுங்க. சுருங்கி வரச்சொல்ல சரியா இருக்கும்."

அப்படியே செய்தோம். வெள்ளைப் பீங்கானில் அவள் பிடி அச்சாக வந்தது.

இனி ஷாஃப்ட். இவ்வளவு பெரிய நாப்பை உள்ளே இருக்கும் அந்தச் சின்ன வால்யூம் கன்ட்ரோல் தாங்காது. அதைப் பெட்டிக்குள் பின்னால் தள்ளிவைத்து, லேத்தில் கடைந்த நீளத் தண்டை அதைத் தாங்கும் இரண்டு பித்தளைப் புஷ்களின் வழியே முன்பக்கம் கொண்டுவந்தேன். தண்டையும் கன்ட்ரோலையும் பெட்ரோல் ட்யூப் துண்டால் இணைத்தேன். எப்படி வைத்தாலும் சுற்றும்போது ஓரிடத்தில் பிடித்தது. தலையால் தண்ணீர் குடித்தேன். கடைசியில் பெட்டியில் புஷ்கள் உட்காரும் துளைகளைத் தளர்வாக்கி, தண்டைச் சுழற்றிக்கொண்டே நட்டை மெல்ல மெல்ல முடுக்கினேன். புஷ்கள் தாமாகவே நேராகி உட்கார்ந்தன. கெட்டி கிரீஸ் வைத்து விரல்நுனியால் தொட்டேன். சத்தமில்லை, கரகரப்பில்லை. பாகில் கரண்டி போவதுபோல் போனது. வெறும் இரும்புத் தண்டுதான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, வழக்கம்போல் பாட்டைப் போட்டேன். அவள் கையை எடுத்து நாப்பின்மேல் வைத்தேன். ஒவ்வொரு விரலும் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"எங்க, திருப்பு பாக்கலாம்."

தோள் நடுங்கியது. முழங்கை அசைந்தது. பிறகு நாப் அசைந்தது. பாட்டு குறைந்தது. இன்னும் குறைந்தது. அடங்கியே போனது.

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று கையை நீட்டினேன்.

அவள் நாப்பிலிருந்து விரல்களை எடுத்து, அதே விரல்களால் என் கையைத் தள்ளிவிட்டாள். தெரியாமல் பட்டதில்லை, தள்ளினாள். பிறகு மறுபடி நாப்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். எதிர்க் கடையில் டீ ஆற்றினார்கள். அவள் கண்ணை மூடி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பாட்டு வேண்டுமா என்று ஒருநாள்கூட அவளை நான் கேட்டதில்லை. அவள் பதில் சொல்லிவிட்டாள்.

கட்டிலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு நானும் கேட்டேன்.