அகார் அகார் ஆடாது

பெம்பானில் ஒரு வீட்டின் சமையலறையில் நானும் மகளும் உட்கார்ந்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், வீடு திரும்பும் வழியில் தானாக வாய்விட்டுக் கேட்டது பன்னகோட்டா. கிரீமைச் சர்க்கரையோடு காய்ச்சி, ஜெலட்டின் சேர்த்து உறையவைக்கும் அந்த இத்தாலிய இனிப்பை இந்த வீட்டு அக்கா செய்து விற்கிறார்.

கிண்ணங்களைத் தட்டுகளில் கவிழ்க்கிறார். ஒவ்வொன்றும் மெல்ல ஆடி அடங்குகிறது. கடைசித் தட்டை மட்டும் மாலை போட்ட படத்தின் முன் வைக்கிறார். படத்தில் என் மகள் வயதுப் பெண்.

“என் மக. இதுன்னா அவளுக்கு உயிரு. எலும்புல எடுக்கிற ஜெலட்டினைப் படையல்ல வைக்க முடியுமா? அவளுக்கு மட்டும் கடல்பாசில எடுக்கிற அகார் அகார்லா. கெட்டியா நிக்கும், ஆடாது.”

“ஆடுதே ஆன்ட்டி,” என்கிறாள் மகள்.

ஆடுகிறது. அதை யாரும் தொடவில்லை. காற்றாடி ஓடவில்லை. வெளியே சாலையில் ஒரு லாரிகூட இல்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “அவ வந்துட்டா ஆடும். நீ சாப்பிடு கண்ணு, இளகிடும்.”

மகள் கரண்டியை எடுக்கிறாள். அவளுடைய மறு கையின் மணிக்கட்டில் விரல் வைக்கிறேன். நாடி துடிக்கிறது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை விரலை எடுக்கப்போவதில்லை.