பஸ்ஸில் வந்துகொண்டிருந்த உத்தரவு

ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார் என்று போர்ட் பிளேர் டெலானிபூரிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி என்னைக் கேட்க ஆளில்லை என்ற நிம்மதி. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று மறுகணமே கூசிப்போனேன்.

மாயாபந்தர் தாசில்தார் ஆபீஸில் அவர் தலைமை எழுத்தர், நான் நிலம் அளக்கும் பட்வாரி. அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், டீ நேரத்தில் யாராவது ஓர் உத்தரவை அநியாயம் என்று திட்டிவிட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "யாரு ஹுகும் போட்டா மத்தவன் பயந்து செய்வானோ, அவன் சொல்றதுதான்யா சட்டம். நல்லதா கெட்டதாங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க." பெங்காலி பியூனுக்காக இதையே ஹிந்தியில் இன்னொரு தடவை சொல்வார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ரோசம்மா வீட்டை இடிக்கும் உத்தரவு வந்தது. காட்டோர அரசு நிலத்தில் ஒரு மீனவக் குடும்பம் போட்ட தகரக் கூரை வீடு. ஆட்களோடு போய் நிற்கிறேன், அண்ணனிடமிருந்து போன். "தம்பி, நேத்து போர்ட் பிளேர் கோர்ட்ல ஸ்டே குடுத்தாச்சு. பேப்பர் பஸ்ல வருது. பஸ்ஸு, போலீஸ் துணையோட வண்டிங்க சேர்ந்து போற கான்வாய்க்காகக் காட்டுல நிக்குதாம். சாயந்திரம் வரைக்கும் பொறு."

எனக்கு மேலதிகாரி பயம். அவர் பாடத்தையே அவரிடம் திருப்பினேன். "அண்ணே, கையெழுத்தோட என் கைக்கு வந்த ஹுகும் இதுதான். பஸ்ல வர்றது எனக்கு இன்னும் சட்டமில்ல."  அவர் போனை வைத்துவிட்டார். அரை மணியில் கூரை இறங்கியது. ரோசம்மா மாதா படத்தை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். இன்றும் மழைக்காற்றில் எங்காவது தகரம் படபடத்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

விசாரணை நடந்தது. காகிதம் கைக்கு வரவில்லை, ஆகையால் என்மேல் தப்பில்லை என்றார்கள். போன் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சந்தோஷமாக அண்ணனிடம் ஓடினேன். "சட்டத்துல நீ தப்பிச்சிட்ட தம்பி, நான் இல்லேங்கல. ஆனா இடிச்சது சட்டமில்ல, நீ. அது பின்னால போய் ஒளிஞ்சுக்காத" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன்பின் எங்கே பார்த்தாலும், "ரோசம்மாவப் பாத்தியா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன்.

அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் அவளைப் பார்த்தேன். சிப்பிகாட் என்ற ஊரில் மகளோடு இருக்கிறாளாம். அவளே வந்து பேசினாள். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க? ஸ்டே லேட்டா வந்துச்சு. ஆர்டர்படிதான செஞ்சீங்க."

எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை! தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். உள்ளே பெட்டியில் அண்ணன் கிடந்தார்.

"லேட் இல்லம்மா. ஸ்டே வந்தது எனக்குத் தெரியும். அண்ணன் போன்ல சொன்னாரு."

அவள் முகம் இருண்டது. "தெரிஞ்சேவா இடிச்சீங்க?"

"ஆமா" என்றேன். சட்டத்தின் பின்னால் ஒளியாமல் சொன்ன அந்த ஒரு சொல்தான் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது.