குசினி யன்னலில் இரண்டு முள்

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தடியில் மோட்டார் சைக்கிள் திருத்தினார். திருத்துகிறவரை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். வீட்டு முற்றம்தான் கடை. இரண்டு காபரேட்டர் உள்ள வண்டி வந்தால் எனக்கும் வேலை வந்துவிடும். இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்காவிட்டால் எஞ்சின் திக்கும். அதைப் பார்க்க, மணிக்கூடு மாதிரி இரண்டு கேஜ் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு றப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகும். திருகாணியை மெல்லத் திருப்பி இரண்டு முள்ளையும் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும்.

கண்ணாடி போட்டால் அவருக்குத் திருகாணி தெரியும், முள் தெரியாது. கழற்றினால் முள் தெரியும், திருகாணி தெரியாது. ஆகவே முள் பார்ப்பது என் வேலையானது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை, ஆம்பிளைகளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிப்பது. பார்த்துச் சலித்த அவர் கேஜ் இரண்டையும் குசினிக்குள் ஆணியில் மாட்டி, குழாய்களை யன்னலால் வெளியே விட்டார். இடது முள் குறைந்தால் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டு. வலது குறைந்தால் இரண்டு. சமனானால் மூன்று. வாய் திறக்கத் தேவையில்லை. பெரிய உத்தியோகம் பார்ப்பதாக எனக்கு நினைப்பு.

ஒருநாள் மத்தியானம் அக்கரைக் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா, முஸ்லிம் பெரியவர், வந்தார். அன்று அவர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு அத்தர் வாங்கப் பட்டணம் வந்த இடத்தில் வண்டி நின்று நின்று போனதாம்.

“தம்பி, அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். வாப்பா நான் போய்த்தான் பிள்ளையைக் குடுக்கணும். இந்தப் பாதையை விட்டா அடுத்தது எப்ப வருமோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.”

ஆறு கடத்தும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.

“பயப்படாதேங்கோ நானா. பத்து நிமிசம்.”

நானா யன்னலடியில் உலாத்தத் தொடங்கினார். என்னைக் கண்டுவிடுவாரோ என்று யன்னல் கதவை மெல்லச் சாத்தினேன். எஞ்சின் ஓடியது. வலது முள் எழும்பியது. இடது முள் படுத்தே கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். அவர் திருப்பினார். முள் அசையவில்லை. திரும்பவும் தட்டினேன், திரும்பவும் திருப்பினார். எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றே போனது.

“ஆரு தம்பி வேலை செய்யுறது? நீங்களா, உள்ளுக்குக் கிடக்கிற சட்டியா?”

அப்போதுதான் கண்டேன்: நான் சாத்திய கதவு இடது குழாயை நசித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எங்களிடம் தட்டு இல்லை. கணவரோ காபரேட்டரையே கழற்ற ஸ்பனர் எடுத்துவிட்டார். கழற்றினால் பின்னேரம் போய்விடும். நான் சட்டியில் படபடவென்று அடித்தேன்.

“என்னப்பா, இப்பவே கறி தாளிக்கிறாயோ?” என்றார் அவர்.

யன்னலை ஒரே தள்ளாகத் தள்ளினேன். நானாவின் தொப்பி பறந்தது.

“கழட்டாதேங்கோ! அதில ஒண்டுமில்லை. நான்தான் குழாயை நசிச்சுப்போட்டன்!”

அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் அதற்கு முன் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

நானா தொப்பியைத் தட்டிப் போட்டார். “தங்கச்சி, யன்னலை மட்டும் இனிச் சாத்திராதீங்க. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன்.” சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முள் இரண்டும் ஒன்றாய் வந்தன. மூன்று தட்டு. நானா பறந்தார்.

பாதையைப் பிடித்தாரோ இல்லையோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“உள்ளுக்கிருக்கிற பாஸ் நிக்கிறாவோ? நிக்காஹ் வீட்டில நானா சொன்னவர், அவவிட்டக் காட்டச் சொல்லி.”

சந்தோசத்தில் நானே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு கிணற்றடிக்கு ஓடிவிட்டேன்.