அக்காவுக்கு வாங்கிய அசோகா

பெரம்பலூரில் டாக்ஸி ஓட்டும் அங்கமுத்துவுக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரே காரணத்தால் வந்தவை. மனுஷன் அவசரப்பட மாட்டார். அவர் வண்டியில் பிரசவத்துக்குப் போகிறவள் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் இறங்குவாள் என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். ஆனால் கோயில், சாப்பாடு, நல்ல ஓட்டல் ரூம் என்று நாலு நாள் ஆற அமரச் சுற்ற வருகிற வெளியூர்க்காரர்கள் அவரைத்தான் கேட்டு வாங்குவார்கள். எந்தக் கடையில் தோசைக்கு மாவு புளிக்காமல் இருக்கும், எந்த லாட்ஜில் சுடுதண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. இருந்த ஒரே சொந்தம் குன்னத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா அம்மாக்கண்ணுதான். சவாரி முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேராகக் குன்னத்துக்குத்தான் விடுவார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டோ மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டோ இருப்பாள். தம்பியைப் பார்த்ததும் சௌக்கியமா என்று கேட்க மாட்டாள்.

“என்னடா வாங்கியாந்த?” என்பாள்.

ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். மணப்பாறை முறுக்கோ, கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையோ. தின்றுகொண்டே அது எந்த ஊர், அங்கே என்ன கோயில், ரூமில் மெத்தை எப்படி என்றெல்லாம் கேட்பாள். சமயபுரத்தைத் தாண்டாத அந்த அம்மாள் ஊர் சுற்றியதெல்லாம் இந்தப் பொட்டலங்கள் வழியாகத்தான். உன்னையும் ஒரு நாள் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் போகிறேன் என்று அங்கமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நாள் வரவே இல்லை. சர்க்கரை ஏறிக் கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு அக்காவும் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை சவாரி கோயம்புத்தூர் தம்பதிக்கு. பாலாஜி ரிட்டயரானவர். மனைவி சத்யா சாப்பிடுகிற ஒவ்வொரு இலையையும் போட்டோ எடுக்கிற ரகம். தங்கமான மனுஷர்கள், குறை சொல்ல முடியாது. தஞ்சாவூரிலிருந்து வருகிற வழியில் திருவையாற்றில் நிறுத்தி அசோகா அல்வா சாப்பிட்டார்கள். அங்கமுத்துவும் அக்காவுக்கென்று ஒரு டப்பா வாங்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டார். சர்க்கரைக்காரிக்கு அல்வாவா என்று கேட்டால், ஒரு ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகாது என்பது அக்கா தம்பி இருவரின் வைத்தியம்.

மறுநாள் காலை கங்கைகொண்ட சோழபுரம். தம்பதி கோயிலுக்குள் போயிருந்தார்கள். அங்கமுத்து வேப்பமர நிழலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வீரமணி போன் செய்தான்.

“மாமா, அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. ஆஸ்பத்திரியில வூட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போவச் சொல்லிட்டாங்க. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. வண்டிய நிதானமா ஓட்டிட்டு வாங்க.”

அங்கமுத்து சரிப்பா என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அக்கா போய்விட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், அது டிரைவர்கள் வழக்கம். ஸ்டீயரிங் பிடித்திருப்பவனிடம் சாவைச் சொல்லக் கூடாது. கை நடுங்கி அவனும் போய்ச் சேர்ந்துவிடுவான். உயிர் இருக்கிறது, உன்னைக் கேட்கிறார், மெதுவாக வா என்றுதான் சொல்ல வேண்டும். லாரி ஓட்டும் கலைச்செல்வனின் அப்பா செத்தபோது, ஓசூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்த அவனுக்குப் போன் போட்டுச் சொன்னதே அங்கமுத்துதான். ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு, நிதானமா வா என்று, பிணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இப்போது அதே வார்த்தைகள் வரிசை மாறாமல் அவரிடம் திரும்பி வந்திருக்கின்றன. திருப்பிக் கேட்டாலும் யாரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை.

டிக்கிப் பக்கமாகப் போய் நின்று அழுதார். கோயிலுக்குள் போய்த் தம்பதியைக் கூப்பிட்டிருக்கலாம். கூடப்பிறந்தவள் செத்த தீட்டோடு எப்படி உள்ளே போவது? வெளியிலேயே நின்றார். அவர்கள் நந்தியைச் சுற்றி, சிற்பங்களைப் பார்த்து, புல்தரையில் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. ஊர் பார்க்க வந்தவர்களிடம் சாவைச் சொல்லி முகம் வாட வைப்பானேன்? திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற அக்கா மகள் தேவயானி வந்து சேராமல் எடுக்க மாட்டார்கள், எப்படியும் நாளைக்குத்தான். நடுவழியில் சவாரியை விட்டவன் என்ற பேச்சு தன் மேல் இதுவரை இல்லை, இனியும் வேண்டாம். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக நியாயம் அடுக்கினார். நமக்கு வேண்டிய நியாயம் கூப்பிடாமலே வந்து நிற்கும்.

ஜெயங்கொண்டத்தில் மதியச் சாப்பாடு. ஆள் கூட்டி வருகிற டிரைவருக்கு ஓட்டல்காரர் பின்கட்டில் தனி இலை போடுவது உண்டு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, நாளை தகனம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர்தான் என்று எண்ணி, இறங்காத சோற்றை மோர் விட்டு இறக்கினார். கை கழுவிவிட்டு வண்டிக்கு வந்தபோது முன்சீட்டில் டப்பா கண்ணில் பட்டது. இனி அதை யார் தின்ன? எடுத்து சத்யாவிடம் நீட்டினார்.

“அக்காவுக்குன்னு வாங்கினீங்களே?” என்றார் சத்யா.

“அதுக்கு இனிமே ஆவாதுங்க, சாப்பிடுங்க” என்றார்.

சர்க்கரையைச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உடையார்பாளையம் முந்திரித் தோப்புகள் தாண்டுகிற வரைக்கும் பின்சீட்டில் ஆளுக்கு ஒரு ஸ்பூனாகச் சாப்பிட்டு, நேற்றையதைவிட இன்றைக்கு நெய் நன்றாக ஊறியிருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

அரியலூரில் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வாரணவாசியில் மியூசியத்துக்கு நிறுத்தினார். கடலாக இருந்த மண்ணாம், சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடந்தன. பாலாஜி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். வீரமணி மறுபடி கூப்பிட்டான். எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேட்பான், அதற்கு என்ன பதில் சொல்ல என்று அங்கமுத்து எடுக்கவில்லை.

குன்னம் பிரிகிற இடம் வந்தது. கால் தானாக பிரேக்கை அழுத்தியது. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அப்பால் ஊர் இருந்தது. ஏன் மெதுவாகப் போகிறீர்கள் என்று பாலாஜி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி நேரே பெரம்பலூருக்கு விட்டார்.

அங்கே முதலில் காட்டிய ரூமில் ஏசி ஒழுகியது. வேறு ரூம் மாற்றிக் கொடுக்கும் வரை நின்றார். தனக்குப் பதிலாகக் காலையில் ரஞ்சன்குடி கோட்டைக்கு அழைத்துப் போக ஸ்டாண்டு டிரைவர் முத்துசாமி வருவான் என்று சொல்லிவிட்டுக் கடைவீதிக்கு நடந்தார். செத்தவள் மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடி அவர் கையால்தான் விழ வேண்டும், போட வேறு ஆள் கிடையாது. அக்காவுக்குப் பிடித்த மாம்பழக் கலரில் ஒரு சேலை எடுத்தார். பெரிய ரோஜா மாலை ஒன்று கட்டச் சொல்லி வாங்கினார். குன்னத்தில் வண்டியை நிறுத்தியபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

பந்தல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. மேளச் சத்தம் இல்லை. வாசலில் கட்டிப்போட்ட ஆடு ஒன்று நின்றது. அப்போதும் அவருக்குப் புரியவில்லை, மாலையைக் கையில் தாங்கிக்கொண்டே உள்ளே போனார். எதிரே வந்த வீரமணியின் பார்வை மாலையில் போய் நின்றது.

“என்ன மாமா இது? அம்மா உசுரோடதான இருக்கு.”

கட்டிலில் அம்மாக்கண்ணு தலையைத் திருப்பினாள். கண் தெளிவாகத்தான் இருந்தது. மாலையைப் பார்த்தாள். அக்குளில் இடுக்கிய துணிக்கடைப் பையைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அங்கமுத்துவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. மூச்சு வாங்க வாங்க அக்கா பேசினாள்.

“தின்ன ஒண்ணும் வாங்கியாரலையாடா?”

காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம். தம்பி திருவையாறு போயிருக்கான், அசோகா வாங்காமல் வர மாட்டான் என்று வேறு எதையும் வாயில் வாங்கவில்லையாம். கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மத்தியானம் இரண்டு முறை எழுப்பி உட்கார வைக்கச் சொல்லி ரோட்டைப் பார்த்தாளாம். வீரமணி இதைச் சொல்லச் சொல்ல அங்கமுத்து மாலையைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டது அப்போதுதான்.

குப்பையைத் தெருவில் போடாத நல்ல பழக்கம் சத்யாவுக்கு. காலி டப்பாவை மூடி, பின்சீட்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூலைகளில் நெய்யோடு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அங்கமுத்து அதை விரலால் வழித்து எடுத்துவந்து அக்காவின் நாக்கில் தடவினார். அவள் கண்ணை மூடி அதைச் சப்பினாள்.

“எந்தக் கடைடா?” என்றாள்.

அவர் கடையைச் சொன்னார். ஆற்றங்கரையைச் சொன்னார், கோயிலைச் சொன்னார், தஞ்சாவூர் ரூமில் மெத்தை எவ்வளவு உயரம் என்று சொன்னார். ஊம் போட்டுக்கொண்டே வந்தவள் எங்கேயோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் மேலே சொல்லிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் தேவயானி வந்து சேர்ந்தாள். மாலைக்கும் கோடிக்கும் யாரும் டவுனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.